ஏழுமலைக்கு எத்தனை எழுத்து?

திண்டிவனத்திலிருந்து விழுப்புரம் போகிற பஸ்ஸில் இதுவரை எந்தக் கண்டக்டரும், "உங்க பேர் என்ன? கார்டு இருக்கா?" என்று கேட்டதில்லை. அவருக்கு வேண்டியதெல்லாம் சில்லறை. அதைக் கொடுத்துவிட்டால் நீங்கள் யாராக இருந்தாலும் அவருக்குக் கவலையில்லை.

அதே ஜி.எஸ்.டி. ரோட்டைப் பிடித்து வடக்கே போனால், தாம்பரம் தாண்டி மீனம்பாக்கம் விமான நிலையம். ரோடு ஒண்ணுதான், சட்டம்தான் வேற. வாசலில் நிற்கிற சி.ஐ.எஸ்.எஃப். ஜவான் சில்லறை கேட்க மாட்டார். டிக்கெட்டைப் பார்ப்பார், அட்டையைப் பார்ப்பார், அப்புறம் உங்கள் மூஞ்சியைப் பார்ப்பார். மூணும் ஒத்துப் போகணும்!

"டெல்லிக்குத்தானே சார் போறோம், துபாய்க்கா போறோம்? பாஸ்போர்ட் எதுக்கு?" என்று கேட்பவர்களுக்கு ஒரு நல்ல செய்தி. உள்நாட்டு விமானத்துக்கு பாஸ்போர்ட் கட்டாயமில்லை. விமானப் பாதுகாப்பைக் கவனிக்கும் பி.சி.ஏ.எஸ். 2017-ல் பத்து அட்டைகளைப் பட்டியல் போட்டுச் சொன்னது: பாஸ்போர்ட், வாக்காளர் அட்டை, ஆதார் (அல்லது மொபைலில் எம்-ஆதார்), பான் கார்டு, டிரைவிங் லைசென்ஸ், அரசு மற்றும் பொதுத்துறை ஊழியர் அட்டை, மாணவர் அட்டை, போட்டோ ஒட்டிய நாட்டுடைமை வங்கி பாஸ்புக், போட்டோவுடன் பென்ஷன் அட்டை, மாற்றுத் திறனாளி அட்டை. இதில் ஏதாவது ஒன்று போதும். நம் வீட்டு பீரோவில் முதல் மரியாதை வாங்குகிற ரேஷன் கார்டுக்குத்தான் பாவம், இந்தப் பட்டியலில் இடமில்லை.

அட்டைக்கா நம்மிடம் பஞ்சம்? ஆளுக்கு நாலு இருக்கிறது. பிரச்னை, அந்த நாலும் ஒரே ஆளைப் பற்றிப் பேசுகிறதா என்பதுதான்.

நம் பக்கத்தில் தெருவுக்கு ரெண்டு ஏழுமலை உண்டு. தமிழில் எழுதினால் நாலே எழுத்து, தகராறே இல்லை. இங்கிலீஷில்? முதல் எழுத்து 'இ'யா, 'ஒய்'யா? நடுவில் வருகிற 'ழ'வுக்கு வெறும் 'எல்'லா, 'இசட்-எச்'சா? வாக்காளர் அட்டை எழுதியவர் ஒரு மாதிரி எழுதியிருப்பார், ஆதார் சென்டரில் டைப் அடித்தவர் இன்னொரு மாதிரி அடித்திருப்பார். ஏழுமலை என்னவோ ஒரே ஏழுமலைதான். கம்ப்யூட்டருக்கு மூணு பேர்!

அப்புறம் இனிஷியல். டிக்கெட் ஃபாரத்தில் முதல் பெயர், கடைசிப் பெயர் என்று ரெண்டு கட்டம். நமக்கு ஏது கடைசிப் பெயர்? அப்பா பெயரைப் போட்டு நிரப்புகிறோம். அப்பா எப்பவோ போய்ச் சேர்ந்திருப்பார். ஏர்போர்ட் மைக்கில், 'மிஸ்டர் கோவிந்தசாமி உடனே வரவும்' என்று அவரைக் கூப்பிட்டுக்கொண்டிருப்பார்கள். பெண்கள் பாடு இன்னும் மோசம். வாக்காளர் அட்டையில் புருஷன் பெயர், பான் கார்டில் அப்பா பெயர். எந்த இனிஷியலோடு பறப்பது?

இதில் மாட்டுகிறவர் யார் என்று பாருங்கள். வாரம் ரெண்டு தடவை பறக்கிற கம்பெனி அதிகாரி மாட்ட மாட்டார். புனேயில் இருக்கிற பிள்ளை ராத்திரி பதினோரு மணிக்கு செல்போனில் ஞாபகத்திலிருந்தே அம்மா பெயரை அடித்து டிக்கெட் போடுவான். மகள் பிரசவத்துக்காக லேகிய டப்பாவோடு, வாழ்க்கையில் முதல் தடவையாக பிளேன் ஏற வந்த அந்த அம்மாதான் வாசலில் நிற்பார். "என் பேர்ல என்னப்பா தப்பு?" என்பார். தப்பே பேரில்தான் என்று அவருக்கு எந்த பாஷையில் சொல்வது? இதே பயணம் ஒரு சாவு வீட்டுக்காக இருந்தால்? விட்ட பிளேனுக்கு அடுத்த பிளேன் உண்டு. கடைசியாகப் பார்க்க வேண்டிய முகம் காத்திருக்குமா?

ஜவானைத் திட்டிப் பிரயோஜனமில்லை. 1999 டிசம்பரில் இந்தியன் ஏர்லைன்ஸ் விமானத்தை காந்தகாருக்குக் கடத்திக்கொண்டு போனார்களே, அதற்கப்புறம் 2000-லிருந்து ஒவ்வொரு விமான நிலையமாக சி.ஐ.எஸ்.எஃப். வசம் வந்தது. எங்கிருந்தோ வந்து நிற்கிற அவருக்கு நம் இனிஷியல் புராணம் எப்படித் தெரியும்?

பி.காம். பாஷையில் சொன்னால், ரெண்டு பக்கமும் டேலி ஆகணும். டிக்கெட் போடும்போதே எந்த அட்டையை எடுத்துப் போகப் போகிறார்களோ அதை எதிரே வைத்துக்கொண்டு எழுத்துக்கு எழுத்து அடியுங்கள். தப்பாகிவிட்டால் அன்றைக்கே விமானக் கம்பெனிக்கு போன் போடுங்கள். வாசலில் போய் நின்று போடாதீர்கள். ஒரிஜினல் அட்டைதான் வேண்டும். ஜெராக்ஸும் வாட்ஸ்அப்பில் வந்த போட்டோவும் செல்லாது. முக்கியமாக, போகும்போது காட்டிய அட்டையை மகன் வீட்டு அலமாரியிலேயே விட்டுவிட்டு வராதீர்கள். திரும்பும்போதும் கேட்பார்கள்!

ஒரே ஒரு ஆறுதல். விழுப்புரம் ரயில்வே போர்டில் இங்கிலீஷ் எழுத்தைக் கூட்டிப் பாருங்கள்: ரெண்டு 'எல்', ஒரு 'பி'. மாவட்ட நிர்வாகத்தின் கணக்கில் ஒரு 'எல்', ரெண்டு 'பி'. ஊருக்கே இந்தக் கதி. நல்லவேளை, ஊர் பிளேன் ஏறுவதில்லை!