பரம்பரையின் மேல் ஏற்றிய பழி

புகைக்கும் இச்சையையும் நுரையீரல் புற்றுநோயையும் ஒரே பரம்பரை அம்சம் விளைவிக்கலாம் என்று 1958-இல் புள்ளியியலாளர் ஃபிஷர் எழுப்பிய ஐயம், 2008-இல் பதினைந்தாம் குரோமோசோமில் கண்டறியப்பட்ட மரபணு வேறுபாட்டால் மெய்யாகிவிட்டதாக நண்பர் வாதிக்கிறார். சேர்ந்து நிகழ்வதெல்லாம் காரண காரியமாகிவிடாது என்ற ஃபிஷரின் எச்சரிக்கையில் எனக்குப் பூரண சம்மதம். நண்பரின் முடிவில் அணுவளவும் இல்லை.

அளவைப் பார்க்க வேண்டாமா? அவ்வேறுபாட்டின் ஒரு பிரதி நோய் அபாயத்தை உயர்த்துவது சுமார் 30 சதவீதம். அதுவும் பெரும்பாலும் புகைப்பவரிடத்தில்தான். சிகரெட் புகைப்போர்க்கு அபாயம் ஒன்பது மடங்கென்றால், அதை முழுதும் விளக்கவல்ல மறைபொருள் எதுவாயினும், அது புகையாதாரைவிடப் புகைப்போரிடையே ஒன்பது மடங்கேனும் மிகுதியாகக் காணப்பட வேண்டும் என்று 1959-இலேயே புள்ளியியலாளர் கார்ன்ஃபீல்டும் அவர் சகாக்களும் கணித மார்க்கமாக நிரூபித்துவிட்டார்கள். அத்தகைய மரபணு எங்கே?

இங்கிலாந்திலும் வேல்ஸிலும் இந்நோயால் மாண்டவர்கள் 1922-இல் 612 பேர்; 1947-இல் 9,287 பேர். நோயை அறியும் திறன் வளர்ந்ததற்கு ஒரு பங்கு தந்தாலும், இருபத்தைந்தே ஆண்டுகளில் ஒரு ஜனசமூகத்தின் பரம்பரை இவ்வளவு திரிந்துவிடுமா?

1951-இல் ஆய்வாளர்கள் டாலும் ஹில்லும் பிரிட்டிஷ் மருத்துவர்களுக்குத் தபாலில் அனுப்பிய சில கேள்விகளுக்கு விடையளித்தோருள் பலர் பின்னர் சிகரெட்டைக் கைவிட்டனர். விட்ட ஆண்டுகள் கூடக்கூட, புகையைத் தொடர்ந்தவர்களைக் காட்டிலும் அவர்களது அபாயம் தாழ்ந்துகொண்டே வந்தது. அவர்கள் உடலில் இருந்த மரபணுக்களோ பிறந்த நாள் முதல் அவையேதான்.