காலப்பொறியும் கலகலப்பும்

அறிவியல் புனைவுத் திரைப்படம் என்றதும் விண்கலங்களும் பேரழிவுகளும் நம் கண்முன் தோன்றுகின்றன. அங்கு நகைச்சுவைக்கு இடமேது என வினவுவோர் உளர். சிரிப்பு, அறிவியலின் பெருமையைக் குறைத்துவிடும் என்பது அவர்தம் கருத்து. 2015ஆம் ஆண்டு ஆர். இரவிக்குமார் இயக்கத்தில் வெளிவந்த 'இன்று நேற்று நாளை' என்னும் திரைப்படத்தைக் கண்டவர் இக்கருத்தை ஏற்கமாட்டார்.

2065ஆம் ஆண்டில் உருவாக்கப்படும் காலப்பொறி ஒன்று, 2015இல் வாழும் இளைஞர் இருவர் கையில் கிடைக்கிறது. ஒருவன் தொழில் தொடங்க விழைபவன். மற்றவன் சோதிடம் சொல்லிப் பிழைப்பவன். காலத்தையே வென்ற கருவியைக் கொண்டு அவர்கள் செய்வது யாது? பிறர் தொலைத்த பொருள் எங்குள்ளது என்பதைக் கடந்த காலத்திற்குச் சென்று கண்டுவந்து, அதனைச் சோதிடமாகக் கூறிப் பொருளீட்டுகின்றனர். அறிவியலின் உச்சம் மூடநம்பிக்கைக்கு முதலாகிறது. அரங்கம் சிரிக்கிறது. அச்சிரிப்பு அவ்விருவரை மட்டுமா சுட்டுகிறது? உலகையே காட்டும் கைப்பேசியில் இராசிபலன் தேடும் நம்மையும் சுட்டுகிறதன்றோ?

தொல்காப்பியர் மெய்ப்பாடுகள் எட்டனுள் நகையை முதலில் வைத்தார்; அது தோன்றும் நிலைக்களன்களுள் பேதைமையையும் ஒன்றாகக் கூறினார். கருவி வளர்ந்தும் அதைக் கையாளும் மனம் வளராமையே இப்படம் காட்டும் பேதைமை. இதனை அறிவுரையாகக் கூறியிருப்பின் நாம் செவிமூடியிருப்போம். சிரித்தபடியே கேட்டதால் ஏற்றுக்கொள்கிறோம்.

சிரிப்போடு படம் நின்றுவிடவில்லை. கடந்த காலத்தில் அவர்கள் செய்த சிறு தலையீட்டால், இறந்திருக்க வேண்டிய கொடியவன் ஒருவன் உயிர் பிழைக்கிறான். நிகழ்காலத்தில் அவர்களுக்கே பகையாகிறான். காரணமின்றிக் காரியமில்லை என்னும் அறிவியலின் அடிப்படை, இங்குக் கதையின் திருப்பமாகவே அமைகிறது.

காலப்பொறி இயங்கும் முறையை இப்படம் இயற்பியல் நெறியில் விளக்கவில்லை என்பது உண்மையே. எனினும், பாடநூலின் பணியைத் திரைப்படத்திடம் எதிர்பார்த்தல் முறையன்று. 'காலத்தைக் கடக்க இயலுமா?' என்னும் வினாவுடன் ஒரு மாணவர் அரங்கை விட்டு வெளியேறுவாராயின், அதுவே இத்தகைய படத்தின் வெற்றி. அவ்வினாவுக்கு விடை தேடும் இடம் வகுப்பறையும் நூலகமும் ஆகும்.