டைனமோ போனால் லைட் மட்டும் போகாது

கேள்வி: எங்களிடம் பழைய பெட்ரோல் ஜீப் ஒன்று இருக்கிறது. காப்பிப் பழம், மிளகு மூட்டை ஏற்றுவது, சேலம் போய் வருவது எல்லாம் அதில்தான். டீசல் சிக்கனம் என்று பழைய டீசல் எஞ்சின் ஒன்றை வாங்கிப் போட்டோம். அப்போதே பிரேக் பூஸ்டரும் வைத்தோம். அதிலிருந்து இரண்டு பேட்டரி வீணாகிவிட்டது. டைனமோவை மாற்றச் சொல்கிறார்கள். சில நாள் இறக்கத்தில் பிரேக்கும் கல் மாதிரி இறுகுகிறது. என்ன செய்யலாம்?
- வாசகர், நாகலூர், ஏற்காடு

பதில்: பேட்டரியைப் பற்றித்தான் அதிகம் எழுதியிருக்கிறீர்கள். எனக்குப் பயம் தந்தது கடைசி வரிதான். பிரேக்கைப் பார்க்கும்வரை அந்த வண்டியைச் சேலம் இறக்கத்தில் விடாதீர்கள். 20 கொண்டை ஊசி வளைவு உள்ள பாதை அது.

மிளகுக் கொடி மஞ்சளானதும் உரம் போடாமல் முதலில் வேரைத் தோண்டிப் பாருங்கள் என்று இந்தப் பக்கத்தில் பலமுறை எழுதியிருக்கிறேன். வண்டிக்கும் அதேதான். உங்களுடைய இரண்டு கோளாறுக்கும் வேர் ஒன்றாக இருக்கலாம்.

பெட்ரோல் எஞ்சின் காற்றை இழுக்கும்போது வெற்றிடம் உண்டாகும். பிரேக் பூஸ்டர் அதை வைத்தே வேலை செய்யும். டீசல் எஞ்சினில் அந்த அளவு இழுப்பு கிடையாது. அதனால் தனியாக ஒரு வேக்குவம் பம்ப் வேண்டும். நம் ஊர் டீசல் வண்டிகள் பலவற்றில் அது டைனமோவின் முதுகிலேயே இருக்கிறது. இரண்டையும் சுற்றுவது ஒரே பெல்ட். பெல்ட் தளர்ந்தால் சார்ஜும் குறையும், பிரேக்கும் இறுகும். அறுந்தால் இரண்டும் போகும்.

எனக்கே இது நடந்திருக்கிறது. பல வருடங்களுக்கு முன் மலை இறங்கும்போது டேஷ்போர்டில் சிவப்பு லைட் எரிந்தது. சார்ஜ்தானே, சேலத்தில் பார்த்துக்கொள்ளலாம் என்று ஓட்டினேன். மூன்றாவது வளைவில் பிரேக் மிதி இறங்கவே இல்லை. கியரைக் குறைத்து, இரண்டு காலாலும் அழுத்தி, மலைப் பக்கம் ஒதுக்கி நிறுத்தினேன். பெல்ட் அறுந்து கிடந்தது.

நீங்களே செய்யக்கூடிய சோதனைகள்:

1. பிரேக்: எஞ்சினை நிறுத்திவிட்டு மிதியை ஐந்தாறு முறை அழுத்துங்கள், இறுகும். அழுத்தியபடியே ஸ்டார்ட் செய்யுங்கள். மிதி சற்று உள்ளே இறங்க வேண்டும். இறங்காவிட்டால் பம்ப், அதன் ரப்பர் குழாய், பூஸ்டர் மூன்றையும் மெக்கானிக்கிடம் காட்டுங்கள்.

2. பெல்ட்: எஞ்சின் நின்றிருக்கும்போது நடுவில் கட்டைவிரலால் அழுத்துங்கள். சுமார் அரை அங்குலம் இறங்கலாம். வெடிப்போ எண்ணெய்ப் பிசுக்கோ இருந்தால் மாற்றிவிடுங்கள்.

3. சார்ஜ்: மீட்டரைப் பேட்டரியில் வையுங்கள். ஓடாமல் நின்ற வண்டியில் 12.6 வோல்ட் அளவில் இருந்தால் நல்லது. ஸ்டார்ட் செய்து, கொஞ்சம் ரேஸ் கொடுத்து, ஹெட்லைட்டும் போட்டால் 13.8 முதல் 14.4 வரை வர வேண்டும். 13-க்குக் கீழே என்றால் சார்ஜ் ஏறவில்லை. 15-ஐத் தாண்டினால் ரெகுலேட்டர் கெட்டு, பேட்டரியை வேகவைக்கிறது என்று பொருள்.

4. எர்த்: எஞ்சின் மாற்றிய வண்டிகளில் அடிக்கடி விட்டுப்போவது இதுதான். எஞ்சின் ரப்பர் மவுண்ட் மேல் உட்கார்ந்திருக்கிறது. ரப்பரில் கரண்ட் போகாது. எஞ்சினுக்கும் சேஸிஸுக்கும் தடித்த எர்த் பட்டை வேண்டும். எஞ்சின் ஓட, லைட் எரிய, மீட்டரின் ஒரு முனையை டைனமோ உடம்பிலும் மறுமுனையை பேட்டரி மைனஸிலும் வையுங்கள். 0.2 வோல்ட்டுக்கு மேல் காட்டினால் எர்த் சரியில்லை. செல்ஃப் அடிக்கும்போது ஆக்சிலேட்டர் கேபிள் சுட்டாலும் இதே காரணம்தான்.

5. எண்ணெய்: பம்புக்கு எஞ்சின் ஆயில்தான் போகிறது. சீல் போனால் ஆயில் டைனமோவுக்குள் இறங்கி கார்பன் பிரஷ்ஷைக் கெடுக்கும். டைனமோவின் பின்புறம் ஈரமாக இருந்தால் சீலையும் சேர்த்து மாற்றுங்கள். இல்லாவிட்டால் புது டைனமோவும் நிலைக்காது.

டைனமோ மாற்றத்தான் வேண்டும் என்றால், பம்ப் உள்ளதையே வாங்குங்கள். விலை குறைவு என்று பம்ப் இல்லாததைப் போட்டால் லைட் எரியும், பிரேக் இருக்காது. டைனமோவைச் சோதிக்க, ஓடும் வண்டியில் பேட்டரி ஒயரைக் கழற்றிப் பார்ப்பவர்கள் உண்டு. அதை அனுமதிக்காதீர்கள். டயோடும் ரெகுலேட்டரும் போய்விடும்.

இன்னொரு பழக்கத்தையும் சொல்ல வேண்டும். டீசல் மிச்சம் என்று இறக்கத்தில் எஞ்சினை நிறுத்திவிட்டு வண்டியை உருளவிடுகிறார்கள். எஞ்சின் நின்றால் பம்பும் நின்றது. பூஸ்டரில் மிச்சம் இருப்பது ஓரிரு மிதிக்குத்தான். ஏறிய கியரிலேயே இறங்குங்கள். சிவப்பு லைட் எரிந்தால் அங்கேயே ஓரம்கட்டுங்கள்.

கடைசியாக, ஆர்.சி. புக். எஞ்சினையோ எரிபொருளையோ மாற்ற ஆர்.டி.ஓ. அலுவலகத்தின் அனுமதி முன்கூட்டியே வேண்டும். மோட்டார் வாகனச் சட்டம் 52-ஆம் பிரிவின்படி, மாற்றிய 14 நாளுக்குள் தெரிவித்துப் பதிய வேண்டும். புக்கில் பழைய எஞ்சின் நம்பரும் பெட்ரோல் என்றும் இருந்தால், விபத்து நடந்தபின் இன்சூரன்ஸ் கேட்கும்போது சிக்கல் வரும். பதியாமல் இருந்தால் நேரில் போய் விசாரித்துவிடுங்கள்.

நவம்பரில் பழம் பறிப்பு தொடங்கிவிடும். அதற்குப் பின் உங்களுக்கும் நேரம் இருக்காது, வண்டிக்கும் ஓய்வு இருக்காது. இந்த வாரமே பார்த்துவிடுங்கள். பேட்டரியை மூன்றாவது முறைகூட வாங்கிக்கொள்ளலாம்.