ரெண்டு நாள் ராஜா

"நாட்டை ஒரு நல்ல முதலாளி கையில கொடுத்துப் பாருங்க, எல்லாம் சரியாயிடும்" என்று அடிக்கடி சொல்லும் நண்பர்களே, வெனிசுவேலாவில் அதைச் செய்து பார்த்துவிட்டார்கள். என்ன, யாரும் கொடுக்கவில்லை, அவர்களே எடுத்துக்கொண்டார்கள்!

2002 ஏப்ரல் 11. கராகஸ் நகரில் அதிபர் சாவேஸுக்கு எதிராகப் பெரிய பேரணி. அரண்மனைக்குப் பக்கத்தில் துப்பாக்கிச் சூடு, இரு தரப்பிலும் சாவு. அன்றிரவே தளபதிகள் சாவேஸைப் பிடித்துக்கொண்டு போனார்கள். மறுநாள் அதிபர் யார் தெரியுமா? பெத்ரோ கார்மோனா, முதலாளிகள் சம்மேளனத்தின் தலைவர். மக்களிடம் ஒரு ஓட்டுகூட வாங்காதவர் தனக்குத்தானே பதவிப் பிரமாணம் செய்துகொண்டார்.

வந்ததும் என்ன செய்தார்? ஒரே ஆணையில் நாடாளுமன்றம் காலி. உச்ச நீதிமன்றம் காலி. நிலச் சீர்திருத்தம், எண்ணெய் வளம் பற்றியவை உட்பட பல சட்டங்கள் காலி. நாட்டின் பெயரிலிருந்த 'பொலிவாரிய' என்ற சொல்லும் காலி. கம்பெனியில் ஆள் குறைப்பு நோட்டீஸ் ஒட்டுவார்களே, அதேதான். கூடவே நின்று வேலைநிறுத்தம் செய்த தொழிற்சங்கத்தையும் ஓரங்கட்டிவிட்டார். இத்தனையும் ஜனநாயகத்தைக் காப்பாற்றவாம்! அரங்கமே கைதட்டியது. நியூயார்க் டைம்ஸ் தலையங்கம் எழுதி வரவேற்றது, மூன்று நாள் கழித்து அசடு வழிந்தது.

13-ம் தேதி குன்றுச் சேரிகளிலிருந்து ஏழைகள் இறங்கி வந்து அரண்மனையைச் சூழ்ந்தார்கள். தனியார் டிவிக்களோ சினிமாவும் கார்ட்டூனும் காட்டிக்கொண்டிருந்தன. படையிலேயே பலர் எதிராகத் திரும்ப, இரவில் கார்மோனா ராஜினாமா. 14-ம் தேதி விடிவதற்குள் சாவேஸ் திரும்பிவிட்டார்.

"சாவேஸ் மட்டும் யோக்கியமா? 1992-ல் அவரும் ராணுவப் புரட்சிக்கு முயன்றவர்தானே?" என்பீர்கள். ஆமாம், முயன்றார். அதுவும் தப்புதான். ஆனால் 1998-லும் 2000-லும் ஓட்டு வாங்கித்தான் அதிபரானார். பிடிக்காத அதிபரைப் பாதியில் இறக்க அவர் கொண்டுவந்த 1999 அரசியல் சட்டத்திலேயே வழி இருந்தது. பாதிப் பதவிக்காலம் முடிந்ததும் கையெழுத்து திரட்டி வாக்கெடுப்பு கேட்கலாம். கேட்டார்கள், 2004-ல் நடந்தது, சாவேஸ் ஜெயித்தார். அதுவரை காத்திருக்கத்தான் கனவான்களுக்குப் பொறுமை இல்லை.

இதில் பெரிய நஷ்டம் யாருக்கு? நேர்மையாக எதிர்த்தவர்களுக்கு. அதன்பின் எதிர்த்து வாய் திறந்தவரையெல்லாம் 'சதிகாரன்' என்று முத்திரை குத்த, சாவேஸுக்கு ஆயுள் முழுக்கப் போதுமான காரணத்தைக் கார்மோனா ரெண்டே நாளில் கொடுத்துவிட்டுப் போனார்.

நமக்குப் பிடிக்காத ஆளைத் துப்பாக்கி இறக்கும்போது கைதட்டத்தான் தோன்றும். தட்டுவதற்கு முன், அடுத்து நாற்காலியில் உட்காரப்போகிறவரை எப்படி இறக்குவீர்கள் என்று ஒரு நிமிடம் யோசியுங்கள்.