அட்டை போனது! கம்ப்யூட்டர் வந்தது! நெசவாளிக்கு என்ன கிடைத்தது?

கல்யாணத்துக்குப் பட்டுச் சேலை எடுக்கக் குடும்பத்தோடு கடைக்குப் போகிறார்கள்.

கடைக்காரர் ஒரு சேலையை எடுத்து விரித்துக் காட்டுகிறார். முந்தியிலே ஒரு மயில். தோகையை விரித்துக் கொண்டு நிற்கிறது.

"அடடா! என்ன அழகு!" என்கிறாள் கல்யாணப் பெண்.

"விலை என்ன?" என்று கேட்கிறார் தகப்பனார்.

அந்த மயில் அங்கே எப்படி வந்தது என்று யாரும் கேட்பது இல்லை.

மயிலை ஊசியால் தைக்கவில்லை. அச்சுப் போடவும் இல்லை. தறியிலே இழை இழையாக நெய்திருக்கிறார்கள்.

ஈரோடு மாவட்டத்தில் சத்தியமங்கலம், பவானிசாகர், புளியம்பட்டி. பக்கத்திலே கோவை மாவட்டத்தில் சிறுமுகை. இந்தப் பக்கத்து ஊர்களில் கைத்தறி நெசவாளர் குடும்பங்கள் பல இருக்கின்றன. "சாப்ட் சில்க்" என்று கடைகளில் கேட்டு வாங்குகிறார்களே, அந்த மெல்லிய பட்டுச் சேலை இங்கே நெய்யப்படுகிறது.

சத்தியமங்கலம் மல்லிகைப் பூவுக்குப் பெயர் பெற்ற ஊர். செடியில் பூப் பறிப்பவர்கள் ஒரு பக்கம். தறியில் பூ நெய்பவர்கள் இன்னொரு பக்கம்!

அந்தத் தறியில் இப்போது ஒரு மாறுதல் வந்திருக்கிறது. அதுதான் கம்ப்யூட்டர்.

அது நல்லதா, கெட்டதா? யாருக்கு நல்லது? இதைப் பற்றி ஒவ்வொரு நெசவாளர் குடும்பமும் யோசிக்க வேண்டும்.

அட்டையின் வேலை

தறிக்கு மேலே ஒரு பெட்டி இருக்கும். அதற்கு "ஜக்கார்டு" என்று பெயர். பெட்டியிலே வரிசை வரிசையாகக் கொக்கிகள். கொக்கிகளில் இருந்து கயிறு இறங்கி, பாவு இழைகளைப் பிடித்துக் கொண்டிருக்கும்.

பெட்டியின் பக்கத்தில் மாலை போலக் கோத்த அட்டைகள் தொங்கும். அட்டைகளில் துளை போட்டு இருப்பார்கள்.

நெசவாளி காலால் மிதிக்கிறார். ஓர் அட்டை முன்னால் வருகிறது. துளை இருக்கும் இடத்தில் கொக்கி மேலே போகிறது. அதோடு பாவு இழையும் மேலே போகிறது. துளை இல்லாத இடத்தில் இழை அப்படியே கிடக்கிறது. அந்த இடைவெளியில் நாடா ஓடுகிறது. ஓர் ஊடை இழை விழுகிறது.

மறுபடியும் மிதி. அடுத்த அட்டை. அடுத்த இழை.

இப்படியே மயிலின் கால், உடல், கழுத்து, கொண்டை எல்லாம் வளர்கின்றன.

மயில் எங்கே இருக்கிறது என்று தெரிகிறதா? அட்டையின் துளையில் இருக்கிறது!

ஒரு கணக்கு

பெட்டியில் 240 கொக்கிகள் என்று வைத்துக் கொள்ளுங்கள். ஒரு மயிலுக்கு 400 ஊடை இழை. அப்படியானால் 400 அட்டைகள் வேண்டும்.

240-ஐ 400-ஆல் பெருக்குங்கள். 96,000 வருகிறது.

ஒரு மயிலுக்கு 96,000 கட்டங்கள்! ஒவ்வொரு கட்டத்திலும் துளை உண்டா, இல்லையா என்று ஒருவர் முடிவு செய்ய வேண்டும்.

முன்பு இதை எல்லாம் கையால் செய்தார்கள். ஓவியர் படம் வரைவார். அதைக் கட்டம் போட்ட தாளில் பெரிதாக வரைந்து, கட்டம் கட்டமாக வர்ணம் தீட்டுவார்கள். தாளைப் பார்த்து இன்னொருவர் அட்டை குத்துவார். அட்டைகளை நூலால் கோத்துத் தறியில் மாட்டுவார்கள்.

இதற்கு வாரக் கணக்கில் ஆகும். ஒரு துளை தப்பினால், நெய்கிற மயில் ஒவ்வொன்றிலும் அதே தப்பு வரும். அதைத் திருத்தும் வரை நெசவாளி சும்மா உட்கார்ந்திருக்க வேண்டும்.

நெசவாளிக்கு மாதச் சம்பளம் கிடையாது. சேலைக்கு இவ்வளவு என்று கூலி. தறி ஓடாத நாளில் வருமானம் இல்லை. ஆகவே அட்டை தாமதமானால், அது அடுப்பில் வந்து நிற்கும்!

தறி பெற்ற பிள்ளை

இந்த அட்டை வந்த கதை சுவையானது.

பிரான்சு நாட்டில் லியோன் என்ற பட்டு நகரம் இருக்கிறது. அங்கே ஜக்கார்டு என்பவர் 1752-ல் பிறந்தார். அவருடைய பெயர்தான் பெட்டிக்கும் பெயராக நிலைத்துவிட்டது. 1804-ல் அவர் இந்த அட்டைத் தறியைக் கொண்டுவந்தார்.

அதற்கு முன்பு பூப்போட்ட பட்டு நெய்ய நெசவாளிக்குத் துணையாக இன்னோர் ஆள் வேண்டும். அவர் கயிறுகளை இழுத்து இழைகளைத் தூக்குவார். பெரும்பாலும் சிறுவர்கள்தான் இந்த வேலையைச் செய்தார்கள். அட்டை வந்ததும் அந்த ஆள் தேவைப்படவில்லை.

துளை போட்ட அட்டை, தறியோடு நிற்கவில்லை. இங்கிலாந்தில் பாபேஜ் என்ற அறிஞர், கணக்குப் போடும் எந்திரத்துக்கு 1830-களில் திட்டம் போட்டார். அதற்குக் கட்டளை கொடுக்க ஜக்கார்டு அட்டையையே எடுத்துக் கொண்டார். 1890-ல் அமெரிக்காவில் ஜனத்தொகைக் கணக்கைத் துளையிட்ட அட்டைகளை வைத்து எண்ணினார்கள். அதன் பிறகு வந்த கம்ப்யூட்டர்களும் பல காலம் அட்டையைத்தான் படித்தன.

1968-ல் அமெரிக்காவின் சான் அன்டோனியோ நகரில் உலகக் கண்காட்சி நடந்தது. அங்கே கம்ப்யூட்டர் திரையில் படம் வரைந்து, அந்தப் படத்தையே தறியில் நெய்து காட்டியது ஐ.பி.எம். கம்பெனி.

தறி கொடுத்த அட்டை கம்ப்யூட்டருக்குப் போனது. இப்போது கம்ப்யூட்டர் தறிக்குத் திரும்பி வந்திருக்கிறது. பாட்டி வீட்டுக்குப் பேரப்பிள்ளை வந்தது போல!

என்ன லாபம்?

இப்போது டிசைன் போடுவதற்கு என்றே கம்ப்யூட்டர் சாப்ட்வேர் இருக்கிறது. திரையிலே கட்டம் தெரியும். மயிலை வரையலாம். பெரிதாக்கலாம், சிறிதாக்கலாம், திருப்பி நிறுத்தலாம். ஒரு புட்டாவை வரைந்தால் போதும். உடல் முழுவதும் அதுவே பரவிவிடும்.

நெய்வதற்கு முன்பே சேலை எப்படி இருக்கும் என்று பார்க்கலாம். பச்சைக்குச் சிவப்புக் கரை பொருந்துமா, மாம்பழ நிறத்துக்கு நீலம் எடுக்குமா என்று திரையிலேயே தெரிந்துகொள்ளலாம். அதற்காகப் பட்டையும் ஜரிகையையும் வீணாக்க வேண்டியது இல்லை.

இழை எங்கேயாவது பிடிப்பு இல்லாமல் நீளமாகத் தொங்குமா என்பதையும் அது காட்டிக் கொடுக்கும். அப்படித் தொங்கும் இழைதான், கட்டுகிறவர் கை வளையலில் மாட்டி அறுந்து போகும்.

டிசைன் முடிந்ததும், எந்திரமே அட்டை குத்தும். இன்னொரு வகையில் அட்டையே வேண்டாம். தறிக்கு மேலே மின்சாரப் பெட்டி வைத்து, விரல் அளவு "பென் டிரைவ்" ஒன்றைச் செருகினால் போதும். மூட்டை மூட்டையாக அட்டை அடுக்க வேண்டிய இடம் மிச்சம்.

வாரக் கணக்கில் நடந்த வேலை, சில நாட்களில் முடிந்துவிடுகிறது.

"அப்படியானால் இது கைத்தறியா?" என்று சிலர் கேட்கிறார்கள்.

கைத்தறிதான். எந்த இழை மேலே போக வேண்டும் என்று அட்டை சொன்னது. இப்போது பெட்டி சொல்கிறது. நாடா ஓட்டுவது கைதான். மிதிப்பது கால்தான். இழை அறுந்தால் முடிபோடுவது விரல்தான்.

ஆனால் ஒன்று. அட்டை கிழிந்தால் நெசவாளியே ஒட்டிக் கொள்வார். பெட்டி பழுதானால் மெக்கானிக் வரவேண்டும். அவர் வரும் வரை தறி நிற்கும். அதையும் கணக்கில் வைத்துக் கொள்ள வேண்டும்.

லியோன் சொல்லும் பாடம்

மிச்சமான அந்த நேரம் யாருக்குச் சேருகிறது? அதுதான் கேள்வி.

ஜக்கார்டு தறி வந்தபோது லியோன் நெசவாளர்கள் கோபப்பட்டார்கள். பிழைப்புப் போய்விடும் என்று பயந்தார்கள். ஆனாலும் தறி பரவியது. பூப்போட்ட பட்டு அதிகமாக விளைந்தது. வியாபாரம் பெருகியது.

1831-ல் லியோன் நெசவாளர்கள் கிளர்ச்சி செய்தார்கள். எதற்காக? அவர்கள் தறியை உடைக்கப் புறப்படவில்லை. "நெய்த துணிக்கு இவ்வளவு கூலி என்று முறையாக நிர்ணயம் செய்யுங்கள்" என்று கேட்டார்கள். பட்டு வியாபாரிகளில் பலர் அதை ஏற்க மறுத்தார்கள். அதனால்தான் கலகம் மூண்டது. 1834-ல் மறுபடியும் கலகம்!

தறி முன்னேறியது. துணி முன்னேறியது. கூலி முன்னேறவில்லை. அதுதான் அங்கே நடந்த தவறு.

அதே தவறு சத்தியமங்கலம் பக்கத்தில் நடக்க வேண்டுமா? கூடாது.

புது டிசைன் சேலைக்குக் கடையில் கூடுதல் விலை வைக்கிறார்கள். டிசைன் செலவும் குறைகிறது. அப்படியானால் மிச்சத்தில் ஒரு பங்கு நெசவாளியின் கூலியில் ஏற வேண்டும். நுணுக்கமான டிசைனை நெய்ய அதிக நாள் பிடிக்கும். கண்ணுக்கும் அதிக வேலை. பழைய கூலிக்குப் புது மயில் என்றால் அது நியாயம் ஆகாது.

டிசைன் திருட்டு

இன்னொரு ஆபத்தும் இருக்கிறது.

கம்ப்யூட்டர் நல்லவனுக்கும் உதவும். திருடனுக்கும் உதவும். கையால் நெய்த சேலையை ஒருவர் படம் பிடித்துக் கொண்டு போகிறார். வேறு ஊரில் கம்ப்யூட்டரில் ஏற்றுகிறார். அதே மயில், விசைத்தறியில், பாதி விலையில் சந்தைக்கு வந்துவிடுகிறது!

பக்கத்தில் உள்ள பவானியைப் பாருங்கள். பவானி ஜமுக்காளத்துக்குப் புவிசார் குறியீடு கிடைத்து இருக்கிறது. ஆனாலும் விசைத்தறியில் செய்த விரிப்பை அதே பெயர் சொல்லி விற்கிறார்கள் என்று கைத்தறி நெசவாளர்கள் பல காலமாகக் குறை சொல்லி வருகிறார்கள்.

குறிப்பிட்ட சில துணி வகைகளைக் கைத்தறிக்கே ஒதுக்கி 1985-ல் ஒரு சட்டம் வந்தது. 2000-ல் வந்த டிசைன் சட்டத்தின்படி புது டிசைனைப் பதிவு செய்து கொள்ளலாம். பதிவு செய்தால் 10 ஆண்டு பாதுகாப்பு. பிறகு இன்னும் 5 ஆண்டு நீட்டிக்கலாம். ஆனால் சேலையை வெளியே விடுவதற்கு முன்பே பதிவுக்கு விண்ணப்பிக்க வேண்டும். கடைக்கு அனுப்பிவிட்டுப் பிறகு ஓடினால் பயன் இல்லை.

ஒரு நெசவாளி தனியாக இதை எல்லாம் செய்ய முடியாது. கூட்டுறவுச் சங்கம் செய்யலாம்.

என்ன செய்ய வேண்டும்?

முதலாவது: டிசைன் கம்ப்யூட்டர் வியாபாரியின் வீட்டில் மட்டும் இருக்கக் கூடாது. சங்கத்திலும் இருக்க வேண்டும். டிசைன் யார் கையில் இருக்கிறதோ, அவர் கையில்தான் பேரம் இருக்கும்.

இரண்டாவது: அட்டை குத்தியவரைக் கைவிடக் கூடாது. எந்தக் கட்டத்தில் துளை வேண்டும் என்று அவருக்குத் தெரியும். அந்த அறிவு கம்ப்யூட்டருக்குக் கிடையாது. ஆகவே முதலில் அவருக்குத்தான் கற்றுக் கொடுக்க வேண்டும்.

மூன்றாவது: பெண்கள் கற்க வேண்டும். 2019-20-ல் எடுத்த கைத்தறிக் கணக்குப்படி, நம் நாட்டில் சுமார் 35 லட்சம் பேர் கைத்தறித் தொழிலில் இருக்கிறார்கள். அவர்களில் நூற்றுக்கு 70 பேருக்கு மேல் பெண்கள். தார் சுற்றும் கைக்கு மயில் வரையவும் தெரியும். கோலம் போடும் பெண்ணுக்குக் கட்டமும் புள்ளியும் புதிதா?

நான்காவது: படிப்பு தொலைவில் இல்லை. சேலத்தில் 1960-ல் தொடங்கிய இந்தியக் கைத்தறித் தொழில்நுட்ப நிலையம் இருக்கிறது. சத்தியமங்கலத்திலேயே நெசவுத் தொழில்நுட்பம் கற்பிக்கும் பொறியியல் கல்லூரி இருக்கிறது. கல்லூரி மாணவர் தறி வீட்டுக்கு வரட்டும். தறிக்காரர் வீட்டுப் பிள்ளை கல்லூரிக்குப் போகட்டும். இருவருக்கும் லாபம்.

"என் பிள்ளைக்கு இந்தத் தொழில் வேண்டாம்" என்று சொல்லும் நெசவாளர்கள் இன்று ஊருக்கு ஊர் இருக்கிறார்கள். கூலி போதாது, அதனால் சொல்கிறார்கள். அவர்களைக் குறை சொல்ல முடியாது. ஆனால் தறியும் தெரிந்து, கம்ப்யூட்டரும் தெரிந்த பிள்ளைக்கு மதிப்பு உண்டு. அவன் அல்லது அவள் தறியை விட்டு ஓட வேண்டிய அவசியம் இல்லை.

கம்ப்யூட்டர் பகையாளி அல்ல. அது ஒரு கருவி. கருவி வேலையைக் குறைக்கும். ஆனால் லாபத்தைப் பங்கு போட்டுக் கொடுக்காது. அதை மனிதர்கள்தான் செய்ய வேண்டும்.

ஆகஸ்டு 7-ந் தேதி தேசியக் கைத்தறி நாள். 2015 முதல் கொண்டாடுகிறார்கள். அன்றைக்கு மாலை போட்டுப் பேசினால் மட்டும் போதாது. ஒவ்வொரு சங்கத்திலும் உறுப்பினர்கள் எழுந்து மூன்று கேள்விகள் கேட்க வேண்டும்:

நம் சங்கத்தில் டிசைன் போடத் தெரிந்தவர் எத்தனை பேர்?

இந்த ஆண்டு எத்தனை டிசைன்களைப் பதிவு செய்தோம்?

புது டிசைனுக்குக் கூலி எவ்வளவு ஏறியது?

மூன்றுக்கும் நல்ல பதில் வரும் ஊரில் தறிச் சத்தம் நிற்காது!