யோசனையால் வந்த நோய் என்று பழி சொல்லாதீர்கள்

எங்கள் பாடசாலையில் தரம் 5 படிக்கும் ஒரு பிள்ளையின் அம்மா கொழுந்து எடுப்பவர். மார்பில் கட்டி இருப்பது தெரிந்தும் எட்டு மாதமாக யாரிடமும் சொல்லவில்லை. கிளினிக் போனால் அன்றைய பேர் இல்லை. கொழுந்து குறைந்தால் அரைப்பேர். அடகு வட்டி வேறு. கடைசியில் ஆஸ்பத்திரிக்குப் போனபோது நோய் கக்கத்துக்கும் பரவியிருந்தது. "எந்நேரமும் யோசிச்சு யோசிச்சு அவளே வரவழைச்சிக்கிட்டா" என்று லயத்தில் பேசினார்கள்.

தோழர்களே, அந்தப் பேச்சு தவறு. யோசனைதான் புற்றுநோயை உண்டாக்குகிறது என்று நிரூபிக்கப்படவில்லை. ஆனால் வந்த நோய் பரவுவதற்கு ஓயாத மன அழுத்தம் துணைபோகக்கூடும் என்று ஆய்வுகள் காட்டுகின்றன. பயத்தோடும் கடனோடும் மாதக்கணக்கில் வாழும்போது உடம்பில் கோர்ட்டிசோல் போன்ற ஓமோன்கள் கூடுகின்றன. அமெரிக்காவின் கோல்ட் ஸ்பிரிங் ஹார்பர் ஆய்வுகூடம் 2024இல் வெளியிட்ட ஆய்வு ஒன்றில், மார்பகப் புற்றுநோய் உள்ள எலிகளைத் தொடர்ந்து அழுத்தத்தில் வைத்தார்கள். நோய் 2 முதல் 4 மடங்கு அதிகமாகப் பரவியது. கிருமிகளோடு போராட வேண்டிய வெண்குழியங்கள், இந்த ஓமோன்களால் வலைபோன்ற இழைகளை வெளிவிட்டன. புற்றுநோய்க் கலங்கள் நுரையீரலில் குடியேற அது வசதியாகிவிட்டது. இது எலிகளில் கண்டது; மனிதரில் எந்த அளவு என்று இன்னும் ஆராய்கிறார்கள்.

அழுத்தத்துக்கு இன்னொரு வழியும் உண்டு. மலையில் அலுப்புத் தெரியாமல் இருக்க வெற்றிலை, பாக்கு, புகையிலை போடுகிறோம். புகையிலை மட்டுமல்ல, பாக்கும் வாய்ப் புற்றுநோயைத் தரும்.

"யோசிக்காதே" என்று அந்த அம்மாவிடம் சொல்லி என்ன பயன்? அவரை யோசிக்க வைத்தது அரைப்பேர். கட்டியை மறைக்க வைத்ததும் அதே அரைப்பேர். ஆகவே நாம் கேட்க வேண்டியது ஆறுதல் வார்த்தை அல்ல. கிளினிக் துண்டு காட்டும் தொழிலாளிக்கு அன்று முழுப்பேர் போட வேண்டும். அடுத்த பேச்சுவார்த்தையில் இது நம் கோரிக்கையாக இருக்கட்டும்.

அதுவரை காத்திருக்க வேண்டாம். 35 வயதான பெண்கள் சுகவனிதையர் கிளினிக்குக்குப் போங்கள், பரிசோதனை இலவசம். மார்பில் கட்டி தெரிந்தாலோ, வாய்ப்புண் 2 வாரமாகியும் ஆறாவிட்டாலோ உடனே காட்டுங்கள். தனியே போகப் பயந்தால் மாதர் தலைவியிடம் சொல்லுங்கள், கூட வருவார். மூடி வைத்த பயத்தைச் சொல்ல ஓர் ஆள் இருந்தாலே பாதிச் சுமை இறங்கும். மீதிச் சுமையை இறக்கத்தானே சங்கம்!