நம் பணத்தை நமக்கே காட்டிப் பங்கு கேட்கிறார்கள்!

"உங்க அப்பா பேருல பணம் கெடக்குது. நாங்க எடுத்துத் தர்றோம். இதுல ஒரு கையெழுத்து மட்டும் போடுங்க."

தோட்டத்துக்கு நேரில் வந்து இப்படிச் சொல்கிறவர்களும் உண்டு. கைப்பேசியில் சேதி அனுப்புகிறவர்களும் உண்டு. இவர்களில் நாணயமாகத் தொழில் செய்பவர் இருக்கலாம். அப்பட்டமான ஏமாற்றுக்காரரும் இருக்கலாம். இரண்டு பேரும் ஒரே மாதிரிதான் பேசுவார்கள். அதனால்தான் இந்த விஷயத்தைப் பாட்டாளி மக்கள் முன் விரிவாக வைக்க விரும்புகிறோம்.

பணம் கிடப்பது பொய்யல்ல. 1965-ஆம் ஆண்டின் கோரப்படாத பணச் சட்டப்படி, உரியவர் வந்து வாங்காத பணத்தைக் கம்பெனிகளும் வங்கிகளும் தாங்களே வைத்துக்கொள்ள முடியாது. சட்டம் குறித்த காலம் கழிந்ததும் தேசியக் கணக்காளர் இலாகாவில் இருக்கும் பதிவதிகாரியிடம் ஒப்படைத்துவிட வேண்டும். ஏழு வருஷம் போடாமலும் எடுக்காமலும் கிடந்த வங்கிக் கணக்கு, வாங்காமல் விட்ட சம்பளப் பாக்கி, காப்புறுதிப் பணம், பங்கு ஈவு எல்லாம் இதில் அடங்கும். மலாயில் 'வாங் தாக் டித்துந்துத்' என்று சொல்வது இதைத்தான். நாடு முழுவதும் இப்படித் தேங்கிய பணம் பத்து பில்லியன் வெள்ளிக்கும் மேல்.

இந்தப் பணம் அரசாங்கத்திடம் போய்விட்டதால் நம்முடையது அல்லாமல் போய்விடாது. உரியவரோ வாரிசோ எத்தனை வருஷம் கழித்து வந்தாலும் கேட்கலாம், காலக்கெடு கிடையாது. இருக்கிறதா இல்லையா என்று பார்க்க ஒரு காசு கட்டணமில்லை. இலாகாவின் இ-குமிஸ் என்ற இணைய வாசலில் அடையாளக் கார்டு எண்ணைக் கொண்டு பார்த்துக்கொள்ளலாம். இணையம் கைவராதவர் இலாகாவின் கவுண்டருக்கே போகலாம். தாங்கள் எந்த ஏஜெண்டையும் நியமிக்கவில்லை என்று இலாகாவே அறிவித்திருக்கிறது. ஆகவே, "நாங்க கவர்மெண்டு ஆளு" என்று ஒருவர் சொன்னால் அந்த வார்த்தையிலேயே அவர் யாரென்று தெரிந்துவிடுகிறது.

நம்மவர் பணம் ஏன் தேங்குகிறது?

சோம்பேறித்தனம் என்று சொல்லித் தட்டிக்கழித்துவிட முடியாது. தோட்ட வாழ்க்கையே இதற்கு வழி செய்து வைத்திருக்கிறது.

முதலாவது, பெயர். அந்தக் காலத்தில் செக்ரோலில் கிராணி எப்படி எழுதினாரோ அதுதான் ஆளின் பெயர். ஒரே முனியம்மாவுக்குச் செக்ரோலில் ஓர் எழுத்து, அடையாளக் கார்டில் ஓர் எழுத்து, வங்கிப் புத்தகத்தில் வேறோர் எழுத்து. மூன்றும் ஒரே ஆள்தான் என்று நிரூபிக்க வேண்டிய பொறுப்பு முனியம்மாவின் தலையில். 1990-ல்தான் பன்னிரண்டு இலக்க அடையாள எண் வந்தது. அதற்கு முன்பு திறந்த கணக்குகள் பழைய எண்ணில் இருக்கும். புது எண்ணை மட்டும் தட்டிப் பார்த்து, "ஒண்ணுமில்லப்பா" என்று திரும்பியவர், பழைய எண்ணையும் ஒரு தடவை கேட்டுப் பார்க்க வேண்டும்.

இரண்டாவது, முகவரி. ரப்பர் போய்ச் செம்பனை வந்தது. செம்பனையும் போய்ப் பல இடங்களில் தாமான் வந்துவிட்டது. லயமே இல்லாத இடத்துக்கு வந்த கடிதம் யார் கைக்குப் போய்ச் சேரும்? கம்பெனிகளின் பெயரும் நிலைக்கவில்லை. கத்ரி, கோல்டன் ஹோப், சைம் டார்பி ஆகிய மூன்றும் 2007-ல் ஒன்றாக இணைந்தன. அந்தத் தோட்டக் கம்பெனி 2024-ல் எஸ்.டி. கத்ரி என்று மறுபடியும் பெயர் மாறியது. பெரியவர்களோ, "நான் கோல்டன் ஹோப்புல வேல செஞ்சேன்" என்றுதான் இன்றும் சொல்வார்கள்.

மூன்றாவது, கல்யாணப் பத்திரம். நம் தாய்மார் பலருக்குக் கோயிலில் தாலி கட்டியதுதான் கல்யாணம், பதிவு இல்லை. கணவர் இறந்த பிறகு, "நீ மனைவி என்பதற்கு என்ன சாட்சி?" என்று கவுண்டரில் கேட்டால், பாவம், விக்கித்து நின்றுவிடுகிறார்கள். 1982 மார்ச் 1-க்கு முன்பு சடங்குப்படி முறையாக நடந்த திருமணம் செல்லும் என்று 1976-ஆம் ஆண்டின் திருமண, மணவிலக்குச் சட்டமே சொல்கிறது. இந்த ஒரு வரி தெரியாததால், "நமக்கு எங்க கெடைக்கப் போவுது" என்று ஒதுங்கிவிட்ட விதவைத் தாய்மார் இருக்கிறார்கள்.

பெயரும் முகவரியும் பத்திரமும் ஒன்றுக்கொன்று ஒத்துப்போகாத இந்த இடைவெளியில்தான் பணம் தேடித் தருகிறவர் நுழைகிறார்.

எல்லாப் பணமும் ஒரே இடத்தில் இல்லை

இங்கே ஒரு குழப்பத்தைத் தீர்த்துவிட வேண்டும். பதிவதிகாரியிடம் இல்லை என்றால் எங்குமே இல்லை என்று எண்ணிவிடக் கூடாது.

ஊழியர் சேமநிதி 1951-ல் தொடங்கியது. 2017 முதல் உறுப்பினருக்கு நூறு வயது வரை ஈவு கணக்கிடப்படுகிறது. அதன் பிறகுதான் அந்தப் பணம் பதிவதிகாரியிடம் போகும். ஆகவே 1940-களில் பிறந்து, காலமாகிவிட்ட அப்பாவின் சேமநிதிப் பணம் எடுக்கப்படாமல் இருந்தால், அதைக் கேட்க வேண்டிய இடம் சேமநிதி வாரியம்தான். பழைய தபாலாபீஸ் சேமிப்புப் புத்தகம் பெட்டியடியில் கிடக்கிறதா? அந்தச் சேமிப்பு 1974-ல் தேசிய சேமிப்பு வங்கியாக மாறியது. முதலில் அங்கே விசாரிக்க வேண்டும். துன் சம்பந்தன் 1960-ல் தொடங்கிய தேசிய நிலநிதிக் கூட்டுறவுச் சங்கத்தில் வாயைக் கட்டி வயிற்றைக் கட்டி மாதம் பத்து வெள்ளி போட்டு உறுப்பினரானவர்கள் நம் அப்பாக்களும் தாத்தாக்களும். அந்தப் பங்கைப் பற்றிச் சங்கத்தையேதான் கேட்க வேண்டும்.

அமெரிக்காவில் போட்ட கடிவாளம்

பணம் தேடித் தரும் தொழில் உலகத்துக்குப் புதிதல்ல. அமெரிக்காவில் அது பெரிய தொழில். அங்கே கோரப்படாத பணம் மாநில அரசுகளின் கையில் இருக்கிறது. தேடித் தருகிறவரை எப்படிக் கட்டுப்படுத்துவது என்றும் பல மாநிலங்கள் சட்டம் வைத்திருக்கின்றன.

கலிபோர்னியாவில் கட்டணம் நூற்றுக்குப் பத்துக்கு மேல் போகக் கூடாது. டெக்சாசிலும் பத்துதான். வாஷிங்டன் மாநிலத்தில் ஐந்தே ஐந்து. புளோரிடாவில் இந்தத் தொழிலைச் செய்ய வழக்கறிஞராகவோ, கணக்காய்வாளராகவோ, உரிமம் பெற்ற தனியார் துப்பறிவாளராகவோ இருந்து, மாநில இலாகாவில் பெயரைப் பதிந்திருக்க வேண்டும். தெருவில் போகிற எவரும் பையைத் தூக்கிக்கொண்டு கிளம்பிவிட முடியாது.

மாநிலங்களுக்கு முன்மாதிரியாக 1995-ல் எழுதப்பட்ட பொதுச் சட்டம் இன்னும் இரண்டு விஷயங்களைச் சொன்னது. பணம் அரசிடம் வந்து சேர்ந்த முதல் 24 மாதத்துக்குள் தேடித் தருவதாகச் செய்துகொண்ட ஒப்பந்தம் செல்லாது. உரியவரை அரசே தேடிப் பார்க்க அந்த அவகாசம். அடுத்தது, ஒப்பந்தம் எழுத்தில் இருக்க வேண்டும். என்ன பணம், எவ்வளவு பணம், கூலி போக உரியவர் கைக்கு எவ்வளவு வரும் என்பதெல்லாம் அதிலேயே இருக்க வேண்டும். இந்தக் கடைசி விதி நம் மனத்தில் பதிய வேண்டும். எவ்வளவு என்று சொல்லாமல் "பாதிக்குப் பாதி" என்று பேசும் பேரம் நியாயமான பேரமே அல்ல.

கணக்குப் போட்டுப் பார்ப்போம். ஒரு தாய்க்கு 8,000 வெள்ளி கிடக்கிறது என்று வைத்துக்கொள்வோம். இங்கே ஒருவர் நூற்றுக்கு முப்பது கேட்டால் 2,400 வெள்ளி போய்விடும். கலிபோர்னியா விதிப்படி 800-க்கு மேல் கேட்க முடியாது. வாஷிங்டன் விதிப்படி 400. அதே பணம், அதே வேலை. மிச்சமாகும் 2,000 வெள்ளி தோட்டக் குடும்பத்துக்குச் சின்னத் தொகையா?

இங்கே என்ன வேண்டும்?

தேடித் தருகிறவர்கள் எல்லாரையும் திருடர் என்று நாம் சொல்லவில்லை. பத்திரம் இல்லாத குடும்பத்துக்காகப் பதிவிலாகாவுக்கும் சேமநிதிக்கும் நாலு தடவை அலைகிறவர் உழைக்கத்தான் செய்கிறார். உழைப்புக்குக் கூலி வேண்டாம் என்று சொல்ல நாம் யார்? பால்வெட்டுக்காரனுக்கு ஒரு கூலிக் கணக்கு உண்டு. குலை வெட்டுகிறவனுக்கும் உண்டு. இந்தத் தொழிலுக்கு மட்டும் கணக்கே வேண்டாமா என்றுதான் கேட்கிறோம்.

நாம் கேட்பவை நான்கு. தொழில் செய்கிறவர் பெயரைப் பதிய வேண்டும். அந்தப் பட்டியலைப் பொதுமக்கள் பார்க்க வழி வேண்டும். கட்டணத்துக்கு உச்ச வரம்பு வேண்டும். கையெழுத்துப் போடுகிறவருக்குப் புரிகிற மொழியில், தொகை குறித்த ஒப்பந்தம் வேண்டும். இலாகாவே உரியவரைத் தேடும் காலத்தில் வேறெவரும் பேரம் பேசக் கூடாது. இவற்றை நாடாளுமன்ற உறுப்பினர்களிடமும் தோட்டத் தொழிற்சங்கத்திடமும் மனுவாகக் கொடுக்க வேண்டியது நம் கடமை.

இன்றே செய்யக்கூடியது

சட்டம் வரும்வரை கையைக் கட்டிக்கொண்டு உட்கார வேண்டியதில்லை.

படித்த பிள்ளை இல்லாத வீடு இன்று தோட்டத்தில் குறைவு. சம்பளம் போட்ட பிறகு வரும் ஒரு ஞாயிற்றுக்கிழமை, கோயில் கமிட்டியோ இளைஞர் மன்றமோ மேசை போட்டு உட்காரலாம். பெரியவர்கள் அடையாளக் கார்டோடு வரட்டும். இளைஞர்கள் எண்ணைத் தட்டிப் பார்த்துச் சொல்லட்டும். பணம் இருந்தால் அவரவர் பெயரிலேயே மனுப் போடலாம். இந்த வேலைக்கு ஏஜெண்ட் எதற்கு?

இறந்தவர் பணமென்றால் மரணச் சான்றிதழும் வாரிசுரிமையைக் காட்டும் பத்திரமும் வேண்டும். நிலபுலன் இல்லாமல், பணம் போன்ற அசையும் சொத்து மட்டும் 600,000 வெள்ளிக்குள் இருந்தால் அமானா ராயா மூலம் செய்துகொள்ளலாம். அங்கேயும் கட்டணம் உண்டு. ஆனால் அதற்கு விதி உண்டு, ரசீது உண்டு. ஒன்றை மறக்கக் கூடாது. உயில் எழுதாமல் இறந்த முஸ்லிம் அல்லாதவரின் சொத்து, 1958-ஆம் ஆண்டின் பகிர்வுச் சட்டப்படி மனைவி, பிள்ளைகள், பெற்றோர் ஆகியோருக்குப் போகிறது. பெற்றோர் இல்லாவிட்டால் மூன்றில் ஒரு பங்கு மனைவிக்கு, இரண்டு பங்கு பிள்ளைகளுக்கு. "அண்ணன்தான் மூத்தவன், அவனே எடுத்துக்கட்டும்" என்ற பேச்சு சட்டத்தில் இல்லை. அம்மாவின் பங்கு அம்மாவுக்குத்தான்.

வெற்றுத்தாளில் கையெழுத்து வேண்டவே வேண்டாம். பணம் வருவதற்கு முன்பே "பைல் செலவு" என்று யார் கேட்டாலும் கொடுக்காதீர்கள். வங்கி அட்டையின் ரகசிய எண்ணை எந்த இலாகாவும் கேட்காது. அடையாளக் கார்டு நகலைக் கொடுக்க நேர்ந்தால், குறுக்கே இரண்டு கோடு போட்டு, எதற்காகக் கொடுத்தது என்று எழுதிக் கொடுங்கள்.

எல்லாவற்றுக்கும் மேலாக, இன்னும் வேலையில் இருப்பவர்கள் சேமநிதி அலுவலகத்துக்குப் போய் வாரிசின் பெயரைப் பதிந்து வையுங்கள். அதற்குக் காசு கேட்பதில்லை. ஏற்கெனவே பதிந்தவர்கள், அதில் குறித்த பெயருக்குரியவர் இன்னும் உயிரோடு இருக்கிறாரா என்றும் ஒரு தடவை பாருங்கள். வீட்டில் யார் யாருக்கு எந்த வங்கியில் கணக்கு, எந்தச் சங்கத்தில் பங்கு என்று பிள்ளையின் பள்ளி நோட்டில் ஒரு பக்கம் எழுதி வைத்தால் போதும்.

நம் பெற்றோர் விடியற்காலை இருட்டில் பெரட்டுக்கு நின்று சேர்த்த காசு அது. அதற்குச் சொந்தக்காரர் நாம் என்று சொல்ல இன்னொருவர் வந்து பங்கு கேட்கும் நிலையை இனியும் வைத்துக்கொள்ளக் கூடாது.